முடிச்சுப் போட்ட தந்திகள்: கார்ல் பேர்கின்ஸின் பாடல்கள் பற்றிச் சில குறிப்புகள்

‘புளூ ஸ்வேட் ஷூஸ்’ என்ற பாடலை எங்கேயாவது ஒரு முறை கேட்டிராதவர்கள் ஐரோப்பாவில் குறைவு. அதை எல்விஸ் பிறெஸ்லியின் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். நாமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். நாம் முதன்முதலாகக் கோப்பை கழுவிய ரெஸ்ரோரண்டின் சமையலறையில் ஒரு பழைய றேடியோ இருந்தது. அதில் இந்தப் பாட்டு வந்தபோது, எமக்கும் ஏதோ தெரியும் என்று காட்டுவதற்காக ‘எல்விஸ்’ என்றோம். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த சமையற்காரர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு ‘இல்லை, பேர்கின்ஸ்’ என்றார். அவருடைய குரலிலிருந்த கோபம் அப்போது எமக்கு விளங்கவில்லை. ஒரு பாட்டு யாருடையது என்பதற்காக ஒரு மனிதர் ஏன் இவ்வளவு கோபப்பட வேண்டும்?

எமது புலம்பெயர் சஞ்சிகைகளில் மேற்கத்தைய இசை பற்றி எழுதினால் பொப் மார்லி வருவார், பொப் டிலன் வருவார். றொக்கபில்லி வருவதில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் வெள்ளையர்களது கூத்து, கறுப்பின மக்களிடமிருந்து களவெடுத்தது என்ற ஒரு வரித் தீர்ப்போடு அதைக் கடந்துவிடுவோம். அந்தத் தீர்ப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எவர் எவரிடமிருந்து எப்படி எடுத்தார், எடுத்தவருடைய கையில் கடைசியில் என்ன மிஞ்சியது என்று பார்க்க வெளிக்கிட்டால் கதை அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. கார்ல் பேர்கின்ஸை நாம் எடுத்துக்கொள்வது அதனால்தான். அந்தச் சொல்லே ஒரு வசவிலிருந்து வந்தது: ‘ஹில்பில்லி’ என்பது மலைக்காட்டு ஏழை வெள்ளையர்களை நகரத்தார் இகழ்ந்து அழைத்த பெயர். அதன் வாலை வெட்டி ‘றொக்’ உடன் ஒட்டினார்கள்.

பேர்கின்ஸ் 1932 ஏப்ரல் 9 அன்று ரென்னஸி மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றை அண்டிய ரிப்ரன்வில் என்ற ஊருக்கருகே பிறந்தவர். தந்தை பக் பேர்கின்ஸ் சொந்த நிலமில்லாதவர். விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறருடைய நிலத்தில் பருத்தி செய்தவர். அந்த முறையில் விதையும் கருவியும் கடையிலிருந்து வரும் மாவும் கடனாகவே வரும். அறுவடை முடிய நிலக்காரனுடைய கொப்பியில் கணக்குப் பார்த்தால், பாடுபட்டவன் கையில் பெரும்பாலும் ஒன்றும் இராது. சிறுவன் கார்லும் தமையன் ஜேயும் கோடைகாலத்தில் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை பருத்தி பிடுங்கினால் இருவருக்குமாகச் சேர்த்து நாளொன்றுக்கு ஐம்பது சதம்.

அதே வயலில் வேலைசெய்த ஜோன் வெஸ்ற்புறூக் என்ற கறுப்பின முதியவர்தான் கார்லுக்குக் கிற்றார் சொல்லிக்கொடுத்தவர். கார்ல் அவரை ‘அங்கிள் ஜோன்’ என்று கூப்பிட்டார். (அந்நாட்களில் தெற்கில் வெள்ளையர்கள் வயதான கறுப்பினத்தவரை ‘மிஸ்டர்’ போட்டு அழைப்பதில்லை, அதற்குப் பதிலாகத்தான் இந்த ‘அங்கிள்’ என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஒரு சொல்லில் அன்பும் இருக்கலாம், அவமதிப்பும் இருக்கலாம்.) கிற்றாரின் மேல் தலையைச் சாய்த்துக்கொள், தந்தியின் அதிர்வு மண்டைக்குள்ளால் இறங்கவேண்டும் என்று அந்தக் கிழவர் சொன்னதாகப் பேர்கின்ஸ் தன் கடைசிக்காலம்வரை நேர்காணல்களில் சொல்லிவந்தார்.

முதற் கிற்றாரை ஒரு சுருட்டுப் பெட்டியிலும் தும்புத்தடியிலும் தந்தை செய்துகொடுத்தார். பிறகு நசுங்கிக் கீறுப்பட்ட ஒரு பழைய கிற்றார் ஓரிரு டொலருக்குக் கிடைத்தது. தந்திகள் தேய்ந்தவை. அறுந்தால் புதிது வாங்கக் காசில்லை, அறுந்த இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டுக்கொள்வார். சுரத்திலிருந்து சுரத்துக்கு விரலை வழுக்கிக்கொண்டு போனால் முடிச்சு விரலை வெட்டும். எனவே விரலை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே தந்தியைத் தள்ளி வளைத்து அடுத்த சுரத்தை எட்டப் பழகினார். இதை அவரே சொல்லியிருக்கிறார். இந்த ஒரு தகவலை அறிந்தபின் அவருடைய கிற்றாரைக் கேட்கும் விதமே எமக்கு மாறிவிட்டது. ‘பாணி’ என்று நாம் விமர்சனத்தில் எழுதுகிற பெரிய சொல்லுக்குள், தந்தி வாங்கக் காசில்லாத ஒரு பையனுடைய வெட்டுப்பட்ட விரல் இருக்கிறது. வறுமை கலையை வளர்க்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. அது வயிறு நிறைந்தவர்கள் சொல்லும் கதை. முடிச்சில்லாத தந்தி கிடைத்திருந்தால் அந்தப் பையன் வேறு ஏதாவது நல்லதைச் செய்திருப்பான்.

பின்னர் குடும்பம் ஜாக்சன் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. கார்லும் ஜேயும் கடைசித் தம்பி கிளேற்றனும் குடிச்சாலைகளில் வாசிக்கத் தொடங்கினார்கள். கண்ணாடிப் போத்தல்கள் பறக்கிற சாலைகள். பகலில் கார்லுக்கு ஒரு பேக்கரியில் வேலை: பாண் வேகும் தட்டுக்களுக்குக் கொழுப்புப் பூசுவது. இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் பாதிப்பேருக்கு இந்த வேலையைப் பற்றி நாம் விளக்கத் தேவையில்லை. பேக்கரியில் மணித்தியாலங்களைக் குறைத்தபோதுதான், மனைவி வல்டாவின் தூண்டுதலில், அவர் முழுநேரமும் வாசிக்கப் போனார். மேதைமை அழைத்தது என்றெல்லாம் எழுதுவார்கள். அழைத்தது வேலைக் குறைப்பு.

1954 இல் எல்விஸின் முதலாவது இசைத்தட்டு றேடியோவில் போனது. தாங்கள் குடிச்சாலைகளில் வாசித்துக்கொண்டிருந்ததை ஒருவன் இசைத்தட்டாகவே போட்டுவிட்டான் என்று கார்லுக்குத் தெரிந்தது. சகோதரர்கள் மெம்பிஸுக்குப் போனார்கள். யூனியன் அவெனியூ 706 ஆம் இலக்கத்தில் சாம் பிலிப்ஸின் சண் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. மேளக்காரராக டபிள்யூ. எஸ். ஹொலன்ட் சேர்ந்தார். கிளேற்றனின் பெரிய பேஸ் வாத்தியத்தின் பக்கத்தில் கையால் தட்டிக்கொண்டிருந்தவரை மேளத்துக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள்.

சண் ஒலிப்பதிவுகளின் அந்தப் பிரசித்தமான எதிரொலி மிக எளிய தந்திரம். ஒரு ஒலிநாடா இயந்திரத்தின் ஒலியை இரண்டாவது இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். அதில் பதியும் தலைக்கும் திரும்ப ஒலிக்கும் தலைக்கும் இடையிலுள்ள சிறு தூரத்தை நாடா கடக்க ஒரு நொடியின் சிறு பின்னம் எடுக்கும். அந்தத் தாமதித்த ஒலியை மூலத்தோடு கலந்தால், மூன்று நான்கு பேர் வாசிப்பது ஒரு கூட்டம் வாசிப்பதுபோல் கேட்கும். ஒரு சிறிய கடையை அரண்மனையாகக் காட்டும் கண்ணாடிச் சுவர் போல.

பேர்கின்ஸின் முதலாவது இசைத்தட்டு 1955 இல் வந்த ‘மூவி மாக்’. அதை அவர் எழுதத் தொடங்கியது பதின்மூன்று பதினான்கு வயதிலாம். ஒரு பட்டிக்காட்டுப் பையன் தன் காதலியைக் குதிரைமேல் ஏற்றிப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான், கதவுக்குப் பின்னால் அவளது தந்தையின் துவக்கு. அவ்வளவுதான் கதை. எமது கணிப்பில் அவருடைய பாட்டுக்களிலேயே மிக உண்மையானது இதுதான். எல்விஸின் உலகத்தில் கார்கள் மட்டுமே உண்டு. இங்கே கார் வாங்க வழியில்லாதவன் அதைப் பற்றி வெட்கப்படாமல் பாடுகிறான்.

எல்விஸ் சண் நிறுவனத்தில் இருக்கும்வரை ஒரே மாதிரியான இருவர் தேவையில்லை என்று நினைத்த பிலிப்ஸ், பேர்கின்ஸிடம் அழுகைப் பாட்டுக்களையே அதிகம் எதிர்பார்த்தார். 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.ஸி.ஏ. நிறுவனத்துக்கு 35,000 டொலருக்கு விற்றுவிட்டார். அடுத்த மாதம், டிசம்பர் 19 அன்று, ‘புளூ ஸ்வேட் ஷூஸ்’ பதிவாகிறது.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? ஜோனி காஷ் ஜேர்மனியில் அமெரிக்க விமானப்படையில் இருந்தபோது உடனிருந்த ஸி. வி. வைற் என்ற கறுப்பின வீரர், வெளியே போவதற்கு உடுத்து நிற்கும்போது தனது சப்பாத்தை மிதிக்கவேண்டாம் என்பாராம். காலில் இருந்தது படையில் கொடுத்த சாதாரணக் கறுப்புச் சப்பாத்து. இன்றிரவுக்கு இது நீல ஸ்வேட் சப்பாத்து என்பாராம். காஷ் இதைப் பேர்கின்ஸுக்குச் சொல்லிப் பாட்டாக்கச் சொன்னார். பிறகு ஒரு நடன நிகழ்ச்சியில், அழகான ஒரு பெண் தன் சப்பாத்தை மிதித்ததற்காக ஒரு பையன் அவளைக் கடிந்துகொண்டதைப் பேர்கின்ஸ் மேடையிலிருந்து கண்டார். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் இருந்த தன் வீட்டில் இரவு நித்திரை வராமல் எழும்பி, எழுதத் தாளில்லாமல், உருளைக்கிழங்கு இருந்த கடதாசிப் பையைக் காலிசெய்து அதில் எழுதினார். ‘ஸ்வேட்’ என்பதை எழுத்துப் பிழையோடு.

அவரது பதிவையும் எல்விஸின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எல்விஸ் வேகமாகப் போகிறார். தொடக்கத்தில் பேர்கின்ஸ் ஒவ்வொரு சொற்றொடருக்கும் பின்னால் ஒரு கணம் கூடுதலாக நிற்கிறார், வாத்தியங்கள் இரண்டு முறை அடித்துவிட்டு அவருக்காகக் காத்திருக்கின்றன. எல்விஸ் அந்தத் தரிப்பைச் சுருக்கிவிட்டார். பாட்டு ஓட்டமாக இருக்கிறது, ஆனால் மிரட்டல் போய்விட்டது. என் வீட்டை எரி, காரைக் களவெடு, சாராயத்தைக் குடி, சப்பாத்தை மட்டும் தொடாதே என்பதுதான் பாட்டின் சாரம். எல்விஸ் பாடும்போது அது பகிடி. எல்லாம் இருக்கிற ஒருவன் விளையாட்டுக்குச் சொல்வது. பேர்கின்ஸ் பாடும்போது, அந்த வீடு அவனுடையதல்ல என்பது எமக்குக் கேட்கிறது. அவன் இழக்கத் தயார் என்று வரிசைப்படுத்துகிறவற்றில் எதுவுமே அவனிடம் இல்லை. சப்பாத்து மாத்திரம் இருக்கிறது. நாம் வாசிப்பதை அளவுக்கு மீறி ஏற்றுகிறோம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும், கிழங்குப் பையில் எழுதிய பாட்டு இது.

1956 ஜனவரி முதலாம் திகதி வெளிவந்த அந்த இசைத்தட்டு அமெரிக்காவின் கன்ற்றி, பொப், றிதம் அன்ட் புளூஸ் என்ற மூன்று பட்டியல்களிலும் உச்சியை அண்டி ஏறியது. வெள்ளையர்க்கு ஒன்று, கறுப்பினத்தவர்க்கு ஒன்று என்று பிரித்துவைத்த பட்டியல்கள் அவை. விற்பனை பத்து இலட்சத்தைத் தாண்டியது.

பிறகு வருவதுதான் எல்லோரும் சொல்லும் ‘விதி’க் கதை. மார்ச் 22 விடியற்காலை, நியூயோர்க்கில் பெரி கோமோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், டெலவெயர் மாநிலத்தின் டோவருக்கருகே இவர்களுடைய கார் ஒரு லொறியில் மோதுகிறது. பேர்கின்ஸுக்குக் கழுத்தெலும்புகள் வெடிக்கின்றன, ஜேயின் கழுத்து முறிகிறது. தண்ணீருக்குள் முகம்குப்புறக் கிடந்த கார்லை ஹொலன்ட் இழுத்தெடுக்கிறார். கார்ல் ஆஸ்பத்திரியில் கிடக்கையில் எல்விஸ் தொலைக்காட்சியில் அந்தப் பாட்டைப் பாடி அரசனாகிவிடுகிறார். விபத்து மட்டும் நடக்காதிருந்தால் முடி பேர்கின்ஸின் தலையில்.

இந்தக் கதையை நாம் நம்பவில்லை. எல்விஸ் அந்தப் பாட்டைப் பதிவுசெய்தது ஜனவரி 30. தொலைக்காட்சியில் முதன்முதல் பாடியது பெப்ரவரியில். இரண்டுமே விபத்துக்கு முன்னர். பேர்கின்ஸின் தட்டுத்தான் எல்விஸின் தட்டைவிடப் பட்டியலில் மிக உயரத்தில் நின்றது. மே மாதம் 26 ஆம் திகதி பேர்கின்ஸ் பெரி கோமோவின் நிகழ்ச்சியில் பாடியும்விட்டார். எல்விஸுக்குப் பின்னால் ஆர்.ஸி.ஏ. என்ற பெரிய முதல் இருந்தது, பேர்கின்ஸுக்குப் பின்னால் ஒரு சிறிய கடை. அவரோ முடி வழுக்கத் தொடங்கிய, மணமுடித்து, பிள்ளைகளுக்குத் தந்தையான ஒரு மனிதர். அந்தச் சந்தை தேடிய முகம் அதுவல்ல. விபத்தைச் சொல்வது இதையெல்லாம் சொல்லாமல் விடுவதற்கு வசதியானது.

இன்னொன்றும் உண்டு. அந்த லொறியை ஓட்டிவந்த விவசாயி அந்த இடத்திலேயே இறந்துபோனார். பேர்கின்ஸ் இழந்த கிரீடத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அவரை ஒரு அரை வசனத்தில் கடந்துவிடுகிறார்கள். விடியமுன் லொறியோடு வீதிக்கு வந்த ஒரு மனிதர். இக்கதையில் எல்லாவற்றையும் இழந்தவர் அவர்தான்.

காசு விடயத்துக்கு வருவோம். பத்து இலட்சம் விற்றதற்காகச் சாம் பிலிப்ஸ் பேர்கின்ஸுக்கு ஒரு கடிலாக் கார் கொடுத்தார். பரிசென்று நினைத்து வாங்கிக்கொண்டவர், அதன் விலை தனக்கு வரவேண்டிய உரிமைத்தொகையிலிருந்து கழிக்கப்பட்டதைப் பின்னரே அறிந்தார். பருத்திக்காட்டில் நிலக்காரனுடைய கொப்பியைத் திரும்ப நினைத்துப்பாருங்கள். அதே கணக்குத்தான், மெம்பிஸில் வேறு கையெழுத்தில். பிலிப்ஸ் இல்லாவிட்டால் இந்த இசையே பதிவாகியிராது என்பதும் உண்மைதான். ஹவ்லின் வுல்ஃப் போன்ற கறுப்பினக் கலைஞர்களைப் பதிவுசெய்தவர் அவர். நல்ல காதும் மோசமான கணக்கும் ஒரே ஆளில் இருக்கலாம்.

இனி, எமக்குக் கசப்பான இடம். 1956 டிசம்பர் 4 அன்று பேர்கின்ஸ் ‘மச்பொக்ஸ்’ பாடலைப் பதிவுசெய்தார். அப்போது இன்னும் பெயரெடுக்காத ஜெறி லீ லூவிஸ் பியானோவில். (அன்று பின்னேரம் எல்விஸ் அங்கே வந்து சேர்ந்தார், நால்வரும் சூழ்ந்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற படம் அன்றைக்கு எடுத்ததுதான்.) மகனுக்கு அந்தப் பாட்டை நினைவூட்டியவர் தந்தை பக். அவருக்கே இரண்டொரு வரிகள்தான் ஞாபகம் இருந்தனவாம், மீதியைக் கார்ல் அந்த இடத்திலேயே கட்டினார். ஆனால் தன் உடைமை முழுவதும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடக்கூடிய ஒருவன் என்ற அந்தப் படிமம் பேர்கின்ஸுடையது அல்ல, பக்கினுடையதும் அல்ல. ரெக்சாஸைச் சேர்ந்த பார்வையற்ற கறுப்பினப் பாடகர் பிளைன்ட் லெமன் ஜெபர்சன் 1927 இல் அதைப் பாடிப் பதிவுசெய்திருக்கிறார். அதற்கும் முன், 1924 இல், மா றெய்னியின் ஒரு பாட்டில் அந்தத் தீப்பெட்டி வந்துவிட்டது. ஜெபர்சன் 1929 இல் இறந்துவிட்டார். சண் 261 இசைத்தட்டின் லேபலில் எழுதியவர் பெயர் பேர்கின்ஸ் மட்டும்.

ஒரு சூட்கேசோடு வந்து இறங்கிய எமக்கு அந்தத் தீப்பெட்டி யாருடையது என்ற கேள்வி சும்மா ஒரு தகவல் அல்ல. பேர்கின்ஸின் இசை ஜெபர்சனுடையதின் நகல் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். தாளம் வேறு, கிற்றார் வேறு, பியானோ வேறு. ஜெபர்சனின் பாட்டில் உள்ள தனிமை இதில் இல்லை, இதில் உள்ள துள்ளல் அதில் இல்லை. ஆயினும் பிலிப்ஸின் கொப்பியைக் கண்டு கொதிக்கிற நாம் இந்த லேபலைக் கண்டும் கொதிக்கவேண்டும். தன்னிடமிருந்து எடுத்தவர்களுக்கு எதிராகப் பின்னாளில் வழக்குப்போட்ட பேர்கின்ஸ், ஜெபர்சனின் பெயரை லேபலில் சேர்க்கவில்லை. ‘எவ்ரிபொடிஸ் ற்றையிங் ற்று பி மை பேபி’ இலும் இதே சங்கதிதான், அந்தத் தலைப்போடு 1936 இல் ரெக்ஸ் கிறிபின் ஒரு பாட்டுப் போட்டிருக்கிறார். வாய்வழியாக வந்தது எவருக்கும் சொந்தம் என்பது வயலில் சரியாக இருக்கலாம். பதிப்புரிமை அலுவலகத்தில் அது சரியாகாது. அங்கே கடைசியாகக் கையெழுத்து வைத்தவனுக்கே காசு.

1956 இல் வந்த ‘டிக்சி ஃபிறைட்’ பற்றி ஒரு சொல். குடிச்சாலையில் ஒருவன், ஒரு சவரக்கத்தி, பொலிஸ், சிறை. அந்த இடத்தை உள்ளிருந்து அறிந்தவரின் பாட்டு. சிரித்துக்கொண்டே பாடுகிறார், ஆனால் கேட்பவன் கதவு எந்தப் பக்கம் என்று பார்க்கத் தொடங்கிவிடுவான். அமெரிக்க றேடியோவின் பதின்மவயதினருக்கு அது ஒத்துவரவில்லை, பெரிதாக விற்கவுமில்லை. எமக்கு அது ‘புளூ ஸ்வேட் ஷூஸ்’ஐவிட ஒரு படி மேல்.

1958 இல் கொலம்பியா நிறுவனத்துக்கு மாறியபின் வந்தவற்றில் திரும்பக் கேட்கக்கூடியவை குறைவு. ஒலி சுத்தமாகிவிட்டது, அதோடு எல்லாம் சுத்தமாகிவிட்டது. அதே ஆண்டு ஜே மூளைக்கட்டியால் இறந்தார். கார்ல் குடிக்குள் விழுந்தார். 1964 இல் இங்கிலாந்துக்கு வந்தபோதுதான், கடலுக்கு இந்தப்பக்கம் தன் தட்டுக்களைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இருப்பதைக் கண்டார். பீற்றில்ஸ் குழு அந்த ஆண்டு அவருடைய மூன்று பாட்டுக்களைப் பதிவுசெய்தது. ஜோர்ஜ் ஹரிசன் 1960 இல் ஸ்கொட்லாந்துச் சுற்றில் தனக்குக் ‘கார்ல் ஹரிசன்’ என்று பெயர்கூட வைத்துக்கொண்டவர். றிங்கோவின் தட்டையான குரலில் ‘ஹனி டோன்ற்’ நன்றாகவே பொருந்துகிறது என்பது எமது அபிப்பிராயம், பலர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

பிறகு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஜோனி காஷின் குழுவில் கிற்றார் வாசித்தார். 1968 இல் ஃபோல்சம் சிறைச்சாலையில் கைதிகளின் முன்னால் ‘புளூ ஸ்வேட் ஷூஸ்’ பாடினார். அந்தக் காலத்தில்தான் குடியையும் விட்டார். காஷின் பெயரில் முதலிடத்துக்கு வந்த ‘டடி சாங் பேஸ்’ இவர் எழுதியது. தம்பி கிளேற்றன் 1973 இல் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார். 1981 இல் ஜாக்சனில் கொடுமைக்குள்ளாகும் சிறுவர்களைக் காக்கும் நிலையமொன்று கார்ல் பேர்கின்ஸின் பெயரில் தொடங்கியது, அதற்காகக் காசு சேர்ப்பதில் அவர் நிறைய நேரத்தைச் செலவிட்டார். 1998 ஜனவரி 19 அன்று ஜாக்சனிலேயே இறந்தார்.

ஜோன் வெஸ்ற்புறூக்கைப் பற்றிப் பேர்கின்ஸ் சொன்னவற்றால்தான் எமக்கு அவரைத் தெரியும். லேபலில் சொல்லாததை நேர்காணலில் சொன்னார். அது போதுமா என்று நாம் அந்தச் சமையற்காரரோடு பின்னர் ஒரு நாள் வாதாடினோம். போதாது, ஆனால் எல்விஸ் அதுகூடச் செய்தாரா என்றார் அவர். நாம் பதில் சொல்லவில்லை, தட்டுக்கள் வந்து குவிந்துவிட்டன.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் ‘மூவி மாக்’ இலிருந்து தொடங்குங்கள். நடுவில் பாட்டு நின்று கிற்றார் தனியே வரும் இடத்தில், சுரம் வழுக்கிப் போகாமல் நின்ற இடத்திலேயே வளையும். முடிச்சு இருந்தது அங்கேதான்.